முகாமுக்கு எந்தக் கத்தி, எந்தக் கோடாலி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோப்பிலோ மலை எஸ்டேட்டிலோ கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள், வெளிநாட்டில் காட்டுப் பக்கம் நடக்கப் போகும் நம்மவர்கள், "எதை வாங்க?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதினைந்து வருடமாக வெட்டியும் தீட்டியும் கையில் பட்டும் தெரிந்துகொண்டது.

முதன்முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

மடங்காத சின்னக் கத்தி ஒன்று. அலகு 9 முதல் 11 செ.மீ., கனம் இரண்டரை முதல் மூன்று மி.மீ., உறையோடு. இது போதும்.

முகாமில் நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வெங்காயம் நறுக்குகிறோம், கயிறு அறுக்கிறோம், கூடார முளைக்குக் குச்சி சீவுகிறோம், அடுப்பு பற்றவைக்கச் சிராய் உரிக்கிறோம், மீன் கழுவுகிறோம். எல்லாமே சின்னக் கத்தி வேலை. சுவீடனில் மோரா என்ற ஊரில் செய்யும் கம்பேனியன் கத்தியை நான் தைரியமாகச் சொல்வேன். அலகு 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. பார்க்க எளிமையாக இருக்கும், விலையும் அதிகமில்லை. அந்தக் கம்பெனி தொடங்கியது 1891-ல். தச்சரும் மீனவரும் வீட்டுக்காரரும் தினமும் புழங்கும் கத்தி என்பதால் வீண் அலங்காரம் எதுவும் ஏறவில்லை.

அதில் இன்னொரு வசதி உண்டு. அலகின் இரு பக்கமும் தட்டையாக வந்து, விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் ஒரே சரிவாக இறங்கும். தீட்டும்போது அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானாகக் கிடைத்துவிடும். புதிதாகக் கற்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

பெரிய கத்தி என்றால் எல்லா வேலையும் முடியாதா?

முடியாது. 20 செ.மீ. அலகை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துப் பாருங்கள். பெரிய கத்தி செய்யும் வேலையை அரிவாள் நன்றாகச் செய்யும், சின்னக் கத்தி செய்யும் வேலையைப் பெரிய கத்தி செய்யாது.

மடக்குக் கத்தி போதாதா? பாக்கெட்டில் வைக்க வசதியாக இருக்குமே.

பழம் நறுக்க, பொட்டலம் பிரிக்க, கயிறு அறுக்கத் தாராளமாகப் போதும். பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் பிறந்த ஒப்பினெல், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் இரண்டும் தலைமுறை தாண்டியவை. ஒப்பினெலில் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். விக்டோரினாக்ஸில் சிவப்புப் பிடியோடு வரும் வழக்கமான சின்ன ரகங்களில் பூட்டு கிடையாது.

அந்தப் பூட்டு இல்லாததுதான் என் வலது சுட்டுவிரலில் தழும்பாக இருக்கிறது. மூங்கிலில் ஓட்டை போட, பூட்டில்லாத கத்தியின் நுனியைக் குத்தித் திருகினேன். நுனி சிக்கிக்கொண்டது, கை முன்னே போனது, அலகு விரல் மேல் மடங்கியது. நான்கு தையல். குத்துவது, திருகுவது, அழுத்திச் சீவுவது எல்லாம் மடங்காத கத்திக்கு உரிய வேலை. மடக்குக் கத்தி இரண்டாவது கத்தியாக இருக்கட்டும்.

அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போக வேண்டும் என்கிறார்களே?

கத்தியை விறகின் மேல் வைத்து, முதுகில் கட்டையால் அடித்துப் பிளக்கப் போகிறீர்கள் என்றால் அப்படிப்பட்ட கத்தி பலம். சீவவும் நறுக்கவும் மட்டும் என்றால் பாதி வரை போனாலே நன்றாக உழைக்கும். பின்லாந்தில் காலங்காலமாக இடுப்பில் தொங்கும் புக்கோ கத்திகளில் பிடிக்குள் போவது ஒல்லியான கம்பிதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அடித்துப் பிளக்கும்போது கணு உள்ள கட்டையைத் தொடாதீர்கள். நான் பார்த்த உடைந்த கத்திகள் பெரும்பாலும் கணுவில் உடைந்தவை.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கடலோரம் இருக்கிறீர்களா, மீன் பிடிக்கப் போவீர்களா, துடைத்து வைக்கும் பழக்கம் வரவில்லையா? ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் கார்பன் ஸ்டீல் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும்.

கார்பன் ஸ்டீல் தீட்ட லேசு. அதன் முதுகு கூர்விளிம்போடு இருந்தால் ஃபெரோ ராடில் (சுரண்டினால் பொறி தெறிக்கும் உலோகக் குச்சி) உரசித் தீப்பொறியும் எடுக்கலாம். (முதுகு கூராக இருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் பொறி வரும். பொறி தெறிப்பது ராடிலிருந்து, கத்தியிலிருந்து இல்லை.) எலுமிச்சையும் வெங்காயமும் நறுக்க நறுக்கச் சாம்பல் நீலமாக ஒரு கறை படியும். அது துரு இல்லை, தேய்த்து எடுக்க வேண்டாம். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் சரி. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் தேங்காயெண்ணெய் பிசுக்காகிவிடும், தையல் மெஷின் எண்ணெய் தடவி வைத்துவிட்டு, சமையலுக்கு எடுக்கும்போது சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் முகாமுக்குக் கோடாலி தேவையா?

தேவையில்லை என்றே சொல்வேன். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கி, அப்படியே பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கோடாலியை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும் பழக்கம் வடக்கத்திக் குளிர்க்காடுகளில் வந்தது. சுவீடன், பின்லாந்து, கனடாவில் ஊசியிலை மரங்கள். மரம் மென்மையானது, நேராகப் பிளக்கும். வெளியே பனியில் நனைந்திருந்தாலும் கட்டையைப் பிளந்தால் நடுவில் காய்ந்த விறகு கிடைக்கும். மைனஸ் குளிரில் ராத்திரி முழுக்க நெருப்பு எரிய வேண்டும். அங்கே கோடாலி உயிர் காக்கும்.

இங்கே நமக்கு நெருப்பு என்பது சோறு பொங்கவும் டீ போடவும். நம் பக்கத்தில் கிடைப்பது சீமைக்கருவேலம், சவுக்கு, தென்னை மட்டை, மூங்கில், முள்ளுப்புதர். முள் கிளையைச் சின்னக் கோடாலியால் கொத்தினால் கிளை துள்ளும், முள் கையில் ஏறும். அரிவாளின் வளைந்த மூக்கால் கிளையைக் கொக்கி போட்டு இழுத்து, அதே கையசைவில் வெட்டலாம். அந்த மூக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. தரையோடு வெட்டும்போது மூக்குதான் முதலில் மண்ணில் படும், வெட்டுவாய் கல்லில் பட்டுப் பல் விழாமல் தப்பிக்கும். தேங்காய் வெட்டலாம், மட்டை பிளக்கலாம், மூங்கில் வகிரலாம்.

புதர் அடர்ந்த வெப்பமான ஊர்களில் எல்லாம் மக்கள் இந்த வகைக் கருவிக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மலேசியாவில் பாராங், நேபாளத்தில் குக்ரி, யாழ்ப்பாணத்தில் கொடுவாக்கத்தி. நம் அரிவாளை ஏதோ சண்டைப் பொருளாகவே சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். அது அருமையான காட்டுக் கருவி. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அரிவாள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முடிந்தால் பட்டறைக்கே போய்ச் சொல்லிச் செய்யுங்கள். திருப்பாச்சேத்திக்கு அரிவாளால்தான் பெயர், ஆனால் நல்ல கொல்லர் உங்கள் பக்கத்திலேயே இருக்கக்கூடும். "லாரி ஸ்பிரிங் பட்டையில் வேண்டும்" என்று கேளுங்கள். அந்த இரும்பு வளைந்து நிமிர்வதற்கென்றே செய்தது, அடி தாங்கும்.

தேனிப் பக்கம் எங்கள் தோப்புக்கு ஒரு அரிவாள் செய்யும்போது பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். உலையிலிருந்து செக்கச்செவேல் என்று எடுத்த அலகைக் கொல்லர் முழுதாகத் தண்ணீரில் முக்கவில்லை. வெட்டுவாய் மட்டும் படும்படி விரலகலம் தோய்த்து எடுத்தார். உடனே வெட்டுவாயை ஒரு கல்லில் உரசிப் பளபளப்பாக்கிவிட்டு, அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல விளிம்புக்கு இறங்கியது. பளபளப்பில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது, அதன் பின்னால் செம்பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா. ஊதா விளிம்பைத் தொடப் போகும் நேரத்தில் சட்டென்று முழு அலகையும் தண்ணீருக்குள் விட்டார். இதுதான் தோய்ச்சல். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் விளிம்பு கெட்டிதான், ஆனால் கணுவில் பட்டால் பொரிந்துவிடும். நீலம் வரை விட்டால் மடங்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் 200-லிருந்து 300 டிகிரிக்குள் நடக்கும் இந்த விஷயத்தை அவர் கண்ணாலேயே அளந்தார்.

கடையில் வாங்குவதென்றால் இரண்டு சோதனை. ஒரு மட்ட அரத்தை வெட்டுவாயில் லேசாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரிக் கடித்தால் தோய்ச்சல் இல்லை. கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் அளவுக்கு மீறிக் கெட்டி. கடிக்கவா வேண்டாமா என்று தயங்கிக் கடிப்பதுதான் சரி. அடுத்து, விரலால் சுண்டுங்கள். ணங் என்று நீண்ட ஓசை வர வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கீறலோ, பிடி ஆட்டமோ இருக்கும்.

முகாமுக்கு எடை 500 கிராமைத் தாண்ட வேண்டாம். உறை கட்டாயம். தோல் தைப்பவரிடம் கொடுத்தால் அரை நாளில் செய்துவிடுவார்.

நான் கனடாவில் இருக்கிறேன், கோடாலிதான் வேண்டும். எந்த அளவு?

அங்கே வாங்குங்கள், அர்த்தம் இருக்கிறது. காம்பு 48 முதல் 60 செ.மீ., தலை 600 முதல் 900 கிராம். ஒரு கையாலும் முடியும், இரு கையாலும் முடியும். சுவீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை செய்யும் சின்னக் காட்டுக் கோடாலி இந்த அளவுக்கு நல்ல உதாரணம். விலை கூடுதல். பழைய சாமான் கடையில் கிடைக்கும் பழந்தலையை வாங்கிப் புதுக் காம்பு போட்டாலும் அதே வேலை செய்யும்.

30 செ.மீ. காம்புள்ள குட்டிக் கோடாலி கையடக்கமாகத் தெரியும், ஆனால் எனக்கு அதுதான் பயம். தவறினால் நீளக் காம்பு தரையில் போய் இறங்கும். குட்டைக் காம்பு முழங்காலுக்கு வரும்.

காம்பின் அடி முனையைத் திருப்பிப் பாருங்கள். மர ரேகைகள் வெட்டுவாய் போகும் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். அங்கே ஹிக்கரி அல்லது ஆஷ் மரம். நம் ஊரில் கருவேலமும் புளியும் நன்றாக நிற்கும். வார்னிஷ் பூசிய காம்பு கையில் கொப்புளம் போடும், உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கோடாலிக்குப் பதில் ரம்பம்?

மணிக்கட்டு பருமன் கட்டைக்கு மடக்கு ரம்பம்தான் சிறந்தது. சத்தமில்லை, சிதறல் இல்லை, காயமும் குறைவு. பாக்கோ லாப்லாண்டர் அலகு 19 செ.மீ., எடை 200 கிராம் அளவு. சின்னக் கத்தியும் இந்த ரம்பமும் இருந்தால் முகாம் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மூன்றாவதாகத்தான் அரிவாளோ கோடாலியோ.

கோடாலித் தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிறதே?

அன்றைக்குச் சரியாகும். ஊறிய காம்பு துளைக்குள் உப்பி, இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். சித்திரை வெயிலில் மரம் சுருங்குவதுதான் ஆட்டத்துக்குக் காரணம். காம்பை நட்டுக்குத்தாகப் பிடித்து, தலை கீழே தொங்க, காம்பின் அடிமுனையைச் சுத்தியலால் தட்டுங்கள். தலை தானாக மேலேறி இறுகும். பிறகு ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், மேல் முனையில் ஆளிவிதை எண்ணெய் ஊற விடுங்கள். அப்படியும் ஆடினால் அந்தக் கோடாலியை அன்று தொடாதீர்கள்.

எப்படித் தீட்டுவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆயிரம் ரூபாய்க் கத்தியைக் கூராக வைத்திருப்பவர் முகாமில் நிம்மதியாக இருப்பார்.

ஒரு நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) வாங்குங்கள், ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000-க்கு மேல். இந்த எண் கூடக் கூடக் கல் மெல்லியது. கல் ஊறவேண்டிய ரகம் என்றால் பத்து நிமிடம் ஊறட்டும். கத்தியின் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசுங்கள். கல்லில் நாலு தடவை தேய்த்துவிட்டுப் பாருங்கள். விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் கத்தியை அதிகம் தூக்கிவிட்டீர்கள், மேலே மட்டும் போயிருந்தால் அதிகம் படுக்கவைத்துவிட்டீர்கள். சரிவு முழுக்கப் போனால் கோணம் சரி, அப்படியே தொடருங்கள்.

எப்போது திருப்புவது? மறுபக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பைப் பார்த்து, வெளிப்பக்கமாக விரலால் மெல்ல வருடினால் நகத்தில் மாட்டும் மெல்லிய பிசிறு தெரியும். அடி முதல் நுனி வரை அந்தப் பிசிறு வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேர் பிசிறு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு "கூரே வரலை" என்கிறார்கள். இரு பக்கமும் ஆனதும் மெல்லிய பக்கத்தில் லேசாக ஓட்டி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி இருபது தடவை இழுங்கள். தாளைத் தொங்கவிட்டு அறுத்தால் கிழியாமல் சத்தமின்றி வகிர வேண்டும்.

நம் பனையேறிகள் மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இதே தத்துவம்தான். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவும் அந்தக் கூர் எந்தக் கடைக் கத்தியிலும் நான் கண்டதில்லை. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் இருக்கும் சொரசொரப்பான வளையமும் உதவும்.

கோடாலிக்கும் அரிவாளுக்கும் முதலில் அரம், பிறகு கல். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அரத்தின் பல் போய்விடும். தெருவில் வரும் சக்கரச் சாணையில் வீட்டு அரிவாள்மணையைக் கொடுக்கலாம், நல்ல கத்தியைக் கொடுக்க வேண்டாம். விளிம்பு நீலமாகும்வரை சூடேறினால் தோய்ச்சல் போச்சு.

இவற்றை எடுத்துப் போகச் சட்டம் அனுமதிக்கிறதா?

இந்தியாவில் ஆயுதச் சட்ட விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே வடிவமைத்தவை அதில் சேராது. அதற்காக அரிவாளைப் பைக்கில் செருகிக்கொண்டு பஜாருக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள். வேலை நடக்கும் இடத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

காட்டுக்குள் கதை வேறு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது, அந்தச் சட்டம் சொல்லும் ஆயுதத்தில் கத்தியும் அடக்கம். காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். அதனால்தான் நான் தோப்பு, தனியார் எஸ்டேட் என்றே சொல்லி வருகிறேன். வனத்துறை அனுமதியோடு போகும் நடைப்பயணத்தில் என்ன எடுத்து வரலாம் என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள், தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டும், அதுவும் வெட்டுவாய் 3 அங்குலத்துக்குள். கனடாவில் பொத்தானை அழுத்தினாலோ மணிக்கட்டை உதறினாலோ தானாகத் திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்டது. விமானத்தில் எல்லாமே செக்-இன் பெட்டிக்குள்தான்.

வேட்டைக்கு எந்தக் கத்தி?

இந்தியாவில் வன விலங்கு வேட்டை குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். உரிமத்தோடு வேட்டையாடும் நாட்டில் இருந்தால் 8 முதல் 10 செ.மீ. அலகு, நுனி சற்றே கீழிறங்கிய வடிவம், ரத்தத்திலும் வழுக்காத ரப்பர் பிடி. தோலுரிக்கும்போது குடல் கிழியாமல் இருக்க அந்த நுனி உதவும். கைப்பிடியில் இடுக்கு இல்லாததாகப் பாருங்கள், கழுவ வேண்டுமே.

ஆன்லைனில் அலை அலையாக வரி ஓடும் டமாஸ்கஸ் கத்தி வருகிறதே, வாங்கலாமா?

அழகுக்கு வாங்கலாம். இன்று விற்பது இரண்டு வகை இரும்பை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் அடித்து ஒட்டி, அமிலத்தில் முக்கி வரியை வெளியே கொண்டுவந்தது. மலிவான சிலவற்றில் வரி மேலே அச்சடித்ததுதான்.

பழைய டமாஸ்கஸ் வாள்களின் கதை வேறு, அதில் நமக்கு நேர்ப் பங்கு உண்டு. மூசையில் உருக்கிய தென்னிந்திய, இலங்கை எஃகுக் கட்டிகள் மேற்காசியாவுக்குப் போயின. ஈரோட்டுப் பக்கம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' வழியாகத்தான் ஆங்கிலேயர் அந்த எஃகை 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள் என்பர். பட்டறையில் அந்தக் கொல்லரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

வெட்டும்போது அடிபடாமல் இருக்க?

கத்தியை உறையோடு கையில் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து சீவும்போது முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, கால்களுக்கு வெளியே முன்பக்கமாகச் சீவுங்கள். தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவவே கூடாது, அங்கே ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிடங்களில் உயிர் போகும். விறகு பிளக்க அடிக்கட்டை வையுங்கள், பிளக்கும் துண்டை அதன் அந்தப் பக்க ஓரத்தில் நிறுத்துங்கள். தவறினாலும் வெட்டு கட்டையில் இறங்கும்.

இருட்டிய பிறகு வெட்ட வேண்டாம். விறகை மாலை ஐந்து மணிக்கே சேர்த்துவிடுங்கள். செருப்போடு வெட்டாதீர்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள், எப்படி இருக்கிறது என்று அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம்.

என் பையனுக்குப் பத்து வயது. கத்தி கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால். நுனி உருண்டையான சின்னக் கத்தியும், ஒரு வேப்பங்குச்சியும் கொடுங்கள். மொன்னைக் கத்தி கொடுக்காதீர்கள், மொன்னையைத்தான் பலம் போட்டு அழுத்துவான், வழுக்கும். முதல் நாள் பட்டையை மட்டும் உரிக்கட்டும். அடுத்து நுனி கூராக்கட்டும், அப்புறம் கூடார முளை. உறையில் போடும்போது கண் உறையில் இருக்க வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்கும்போது பிடி முன்னால் போக வேண்டும். என் தங்கை மகளுக்கு ஒன்பது வயதில் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆயுத பூஜைக்கு அவள் தன் கத்தியைத் தானே தீட்டி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, எங்கள் அரிவாளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள்.